எலுமிச்சை சாதத்துக்குக் காவல்

என் வீட்டுக்காரர் சேதுபதிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதையே மறுபடி எடுத்துக் கழுவுவார். ஷார்ஜா ரோலாவில் நாங்கள் குடியிருந்த வீட்டில், 2005 டிசம்பர் மாதம் முழுக்கத் தட்டுகள் பளபளவென்று இருந்தன. அதற்குக் காரணம் அமெரிக்கக்காரர்களின் கால்பந்து.

அவருக்குச் சொந்த ஊர் பரமக்குடி. பாலிடெக்னிக்கில் படிக்கும்போது கபடி அணியில் வலது கார்னர், பாடி வருகிறவனின் காலைப் பிடிக்கிற இடம். பிடித்தால் விடமாட்டார் என்று பேர். துபாயில் ஓர் அமெரிக்கக் கம்பெனியில் வரைபடம் போடும் வேலைக்கு வந்தவரை, வருஷக்கணக்காக யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரிய அதிகாரிகளுக்கு அவர் "ஜன்னல் பக்கத்து ஆள்". அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அடிக்கடி சொல்வார்.

2004 குளிர்காலத்தில் அவருடைய மேனேஜர் டேவ், தன் நாட்டு விளையாட்டைக் கம்பெனிக்குள் இறக்கினார். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் அணி, அணிக்கு ஏழு பேர், விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலையில் துபாய்ப் பூங்கா ஒன்றின் புல்வெளியில் ஆட்டம். இது அடிதடி இல்லாத வகை. இடுப்பில் இரண்டு பக்கமும் துணிப்பட்டை தொங்கும். பந்து வைத்திருப்பவனின் பட்டையை உருவினால் அவன் நின்றுவிட வேண்டும். உருவப்படாமல் எதிர்க்கோடு வரை ஓடிப்போனால் புள்ளி.

முதல் ஆட்டத்தில் என்னவர் பட்டையைப் பார்க்கவே இல்லை. பந்தோடு வந்த அக்கவுண்ட்ஸ்காரரின் கணுக்காலைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். டேவ் விசில் ஊதிக்கொண்டே ஓடி வருகிறார், இவர் விடவில்லை. நான் பாயில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

பட்டையை உருவப் பழகியதும் இவர் ஒரு வியூகம் கண்டுபிடித்தார். ஏழு பேரும் பந்துக்கு எதிரே தோளோடு தோளாக நிற்பது. பந்து அசைந்ததும் அத்தனை பேரும் பந்துக்காரன் மேல் பாய்வது. "சுவர்" என்று பேர் வைத்தார்கள். அந்த வருஷம் சுவர் கொடிகட்டிப் பறந்தது. ஏனென்றால் அந்தப் பந்து இரண்டு முனையும் கூராக இருக்கும். அதை நேராக வீச எந்த அணியிலும் ஆள் இல்லை. எல்லாரும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள், சுவரில் முட்டிக்கொண்டார்கள். கோப்பை எங்களுக்கு. ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் இவர் போட்டோ. லிஃப்டில் முன்பின் தெரியாதவர்கள்கூட "கேப்டன் சேது" என்றார்கள். அந்த வார்த்தையை அவர் வீட்டுக்குக் கொண்டு வந்து இட்லிக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

என் பாய் எப்போதும் எங்கள் அணியின் முதுகுப் பக்கம், கோடு முடிகிற இடத்தில். அங்கே பந்து வரவே வராது. நான் நிம்மதியாகச் சாப்பாட்டைப் பரப்பி வைப்பேன்.

அடுத்த குளிர்காலத்தில் கோரி என்று ஓர் இளைஞன் டெக்சாஸிலிருந்து வேலைக்கு வந்தான். முதல் ஆட்டத்தில் சுவர் அவன்மேல் பாய்ந்தது. அவன் இரண்டு எட்டுப் பின்னால் வைத்து, பந்தை இவர்கள் தலைக்கு மேலே வீசினான். அது சுழன்றுகொண்டே வந்து, ஓடிவந்த அவன் கூட்டாளியின் விரலில் பட்டு, புல்லும் மண்ணுமாக என் எலுமிச்சை சாதத்துக்குள் விழுந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். என்னவர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னும் வேகமாப் பாயணும்டா, யல்லா, கிளம்புங்க!" என்றார். வேகமாகப் பாய்ந்தார்கள். கோரி இன்னும் சீக்கிரமாக வீசினான், ஒரு தடவை இடப்பக்கம், ஒரு தடவை வலப்பக்கம். பிடித்தவனுக்கு முன்னால் வெறும் புல். அந்த ஆட்டமும் தோல்வி, அதற்கடுத்த வாரம் வேறோர் அணியிடமும் தோல்வி. கோரியைப் பார்த்து எல்லாரும் வீசக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

டேவ் தட்டிக்கொடுத்து ஆறுதல் சொன்னாராம். அவர்கள் ஊரிலும் எண்பதுகளில் இப்படி முன்னால் ஆள் குவிக்கிற வியூகம் ராஜாவாக இருந்ததாம். எதிராளிகள் பந்தைச் சட்சட்டென்று வீசவும், ஆட்களை அகலமாகப் பரப்பி நிறுத்தவும் கற்றபிறகு மெல்ல மெல்ல வழக்கொழிந்ததாம். வியூகம் கெட்டுப்போகவில்லை, அது எதைத் தடுக்கப் பிறந்ததோ அதைச் செய்வதை எதிராளி நிறுத்திவிட்டான், அவ்வளவுதான் என்றாராம்.

இவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று சாப்பிடும்போது நான் வாயைக் கொடுத்தேன்.

"ஏங்க, ஏழு பேரும் முன்னாடி போய் முட்டிக்கிட்டு நிக்கிறீங்க. என் பாய்க்கு யாரு காவல்?"

"கபடியில பின்னாடி ஆள் நிக்கிறதாடி?"

"கபடியில வர்றவன் தரையில வருவான். இது ஆகாசத்துல வருதுல்ல?"

அவர் எழுந்துபோய்த் தட்டைக் கழுவினார். மறுபடி கழுவினார்.

எனக்கு விஷயம் புரியாமல் இல்லை. சுவரை உடைத்தால் யாராவது ஒருவர் பின்னால், தனியாக, ஆட்டத்துக்கு எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். ஓடி வருகிற ஆளையும் கவனித்து, பறந்து வருகிற பந்தையும் கணித்து நிற்க அந்த அணியில் இவரை விட்டால் ஆள் கிடையாது. அங்கே நின்றால் பாய்ச்சல் இல்லை, பிடி இல்லை, கைதட்டல் இல்லை. கேப்டன் மறுபடி ஜன்னல் பக்கத்து ஆளாகிவிடுவார். அந்தப் பயம் தட்டுக் கழுவுகிற சத்தத்திலேயே எனக்குக் கேட்டது. பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

முதல் சுற்றின் கடைசி ஆட்டம் மறுபடி கோரியின் அணியோடு. தோற்றால் போட்டியை விட்டே வெளியே. வியாழக்கிழமை வேலை விட்டு வந்தவர் சட்டைகூட மாற்றாமல் கேட்டார்.

"நீ பாய் போடுவியே, அங்கயே நாளைக்கும் போடுவியா?"

"வேற எங்க போட? அங்கதான நிழலு."

"சரி, போடு."

மறுநாள் நான்கு பேரை முன்னால் நிறுத்தினார். நடுவில் இரண்டு பேர். அப்புறம் நடந்தார், நடந்தார், என் பாய்க்குப் பத்தடி முன்னால் வந்து நின்றுகொண்டார். கீழக்கரைக்காரர் கலீலுர் ரஹ்மான், சுவரில் இவருக்குப் பக்கத்துத் தோள், பதறிப்போனார்.

"அண்ணே, கேப்டன் நீங்க போய் அங்கனயா?"

"நீ பட்டையை உருவு. இங்கன நான் பாத்துக்குறேன்."

கோரி முதல் பந்தையே நீளமாக வீசினான். இவர் ஓடிப்போய் எம்பித் தட்டிவிட்டார். அவ்வளவுதான் அன்றைக்கு இவர் பந்தைத் தொட்டது.

அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறோர் ஆட்டம். கோரி கையை ஓங்குவான். தூரத்தில் இவர் இரண்டடி நகர்வார். அவன் கையை இறக்கிவிட்டு வேறு பக்கம் தேடுவான். இவர் மறுபடி இரண்டடி. அவன் தேடிக்கொண்டிருக்கும்போதே கலீல் பாய்ந்து பட்டையை உருவிவிடுவார். கைதட்டல் எல்லாம் அங்கே. இங்கே இவரும் நானும் ஒரு காக்காயும். ஒருமுறை இவர் திரும்பிப் பார்த்தபோது, முகம் எப்படி இருக்குமோ என்று பயந்தேன். வரைபடம் போடும்போது இருக்கிற மாதிரி, அமைதியாக இருந்தது.

ஒரு புள்ளியில் ஜெயித்தோம். கலீலைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அன்றைய சிறந்த ஆட்டக்காரர் பரிசாக டேவ் ஓர் இஸ்திரிப் பெட்டி கொடுத்தார், அதுவும் கலீலுக்குத்தான். என்னவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று பலமாகக் கைதட்டினார். கோரி மட்டும் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு இவரிடம் வந்தான். கையைக் குலுக்கி, வீசுவதற்கு இடமே இல்லாமல் செய்துவிட்டாயே என்று இங்கிலீஷில் சொன்னான். பேரைக் கேட்டான். இவர் "சேதுபதி" என்று முழுசாகச் சொன்னார்.

பாயில் வந்து உட்கார்ந்தார். வியர்வைகூட அதிகம் இல்லை. நான் தட்டை நீட்டினேன்.

"அந்த முதல் பந்துக்கப்புறம் உங்க பக்கம் ஒண்ணுகூட வரலையே."

"வரல" என்றார். "பாத்தியா? ஒண்ணுகூட வரல."

அவர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த பெருமை, கோப்பை வாங்கிய நாளில்கூட வந்ததில்லை. ஆனால் அதைச் சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று, எலுமிச்சை சாதத்தை மட்டும் இன்னொரு கரண்டி வைத்தேன். அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாக அதில் ஒரு புல்கூட இல்லை.