என் முகவரியிலிருந்து எனக்கு வந்த மெயில்

போன வருஷம் ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த சமயம். சங்கராபுரத்தில் வீட்டிலிருந்தபடியே மற்றவர்களுக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என் வேலை. புது லேப்டாப் வாங்கியதும் பழையதைக் கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் விற்றேன். கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டோம் என்ற நிம்மதியில் அதை மறந்தும் போனேன்.

பத்து நாள் கழித்து, விடிகாலையில் போனில் ஒரு மெயில். அனுப்பியது என் முகவரி, வந்ததும் என் முகவரிக்கே. இன்னும் கனவில்தான் இருக்கிறேனோ என்று நினைத்தேன். "அக்கா, உங்க லேப்டாப்ப நான் வாங்கிருக்கேன். உங்க மெயில் தொறந்தே இருக்குது. கூப்புடுங்க" என்று எழுதி, கீழே ஒரு நம்பர்.

எத்தனை பேருடைய ஆதார், பாஸ்புக், சாதிச் சான்றிதழ் அதில் இருக்கின்றன!

கூப்பிட்டேன். கல்வராயன் மலையில் சாமை பயிரிடும் குடும்பத்துப் பெண். அஞ்சல் வழியில் படிக்க வாங்கினாராம். "நானே எடுத்துக்கினு வரட்டுமாக்கா?" என்றார். தப்பு செய்தவள் நான். நானே வருகிறேன் என்றேன். போனிலேயே பாஸ்வேர்டை மாற்றிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் மலை ஏற ஏற, மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து முகத்தைத் தொட்டது. சாலையும் மரங்களும் கரைந்து போயின. மிதந்துபோவது போலவே இருந்தது.

வீட்டில் அவர் லேப்டாப்பைப் பழைய புடவையில் சுற்றி வைத்திருந்தார்.

"நீங்க அழிச்சதெல்லாம் ரீசைக்கிள் பின்லயே கெடக்குதுக்கா. எங்க ஊரு ஆளு பேரு ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. மெயில மட்டும் அனுப்பிட்டு மூடிட்டேன்."

"பாக்கத் தோணலையா?"

"அவங்க உங்கள நம்பிக் குடுத்தது. என்கிட்ட குடுக்கலையேக்கா."

இருவரும் சேர்ந்து லேப்டாப் முழுவதையும் சுத்தமாக அழித்துப் புதிதாக்க ரீசெட் போட்டோம். திரையில் சதவீதம் மெல்ல மெல்ல ஏறியது. வாசலில் பனி நகர்ந்து, சாமைக் கொல்லை கொஞ்சம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. பால் சேர்க்காத வறக்காப்பியைச் சூடாகக் கொடுத்தார். ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொல்லவில்லை.

இன்று யார் ஆதார் நகலைக் கொடுத்தாலும், வேலை முடிந்ததும் அவர்கள் கண் முன்னாலேயே முழுசாக அழித்துவிடுகிறேன். படித்துப் பார்க்காமல் மூடி வைத்த அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லத் தெரிந்த நன்றி அது ஒன்றுதான்.