டாஃபி மென்ற பயிற்சியாளர்

1911-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நன்றி நவிலும் நாளன்று, கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஹார்லன் டைக்ஸ்ட்ரா வாயைத் திறந்தார். பக்கத்து ஊரிடம் எங்கள் ஊர் தோற்றது.

பந்தை அணைத்துக்கொண்டு இடித்துத் தள்ளி ஓடும் அந்த ஆட்டத்தில், களம் இறங்கியபின் பயிற்சியாளர் ஓரத்திலிருந்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் அணிக்குப் பதினைந்து கஜம் பின்னடைவு. டைக்ஸ்ட்ராவோ அயோவாவில் பன்றி ஏலம் கூவி வளர்ந்தவர். அவர் போட்ட சத்தம் ரயிலடி வரை கேட்டது, நடுவருக்குக் கேட்காதா?

மறு வருடம் கல்லூரித் தலைவர் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் அவங்ககிட்ட தோத்தா, நீங்க ஏலத்துக்கே போயிடலாம், டைக்ஸ்ட்ரா."

1912 ஆட்டத்துக்கு டைக்ஸ்ட்ராவின் மனைவி லாட்டி ஒரு டப்பா டாஃபியுடன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கணவரின் நெஞ்சு புடைக்கும்போதெல்லாம் ஒன்றைத் திணித்தார். தாடையை அசைய விடாத ரகம் அது.

ஒன்று கரைந்து அடுத்தது வருமுன் அவர் முணுமுணுத்தார்: "மூச்சு முட்டுது, லாட்டி."

"மூக்கால விடு, ஹார்லன்."

பின்னாலிருந்த எதிரூர்க்காரர் எட்டிப் பார்த்தார். "எங்க கோச்சுக்கும் ரெண்டு குடுங்கம்மா."

"அவரு பேசட்டும்யா. எங்களுக்கு நல்லதுதானே."

கடைசி நிமிடத்தில் எதிரணி 3-0 என முந்தியிருந்தது. பந்து எங்களிடம்; எதிரணியின் கோட்டுக்கு நாலே கஜம், அதைத் தாண்டினால் ஆறு புள்ளி. எங்களுக்கு ஒரே வாய்ப்பு. வழக்கம்போல நடுவில் முட்டுவோம் என்று எதிரணி மொத்தமும் அங்கே குவிந்து நின்றது. பந்தை ஆளும் கிளெம் ஓஸ்டிங், டைக்ஸ்ட்ராவைப் பார்த்தான். அவர் எழுந்து, "ம்ம்ம்" என்றார்.

நடுவர் ஓடிவந்தார். "என்ன சொன்னீங்க?"

"இன்னொரு டாஃபி கேக்கறாரு" என்றார் லாட்டி.

நடுவர் அந்தத் தாடையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார். கிளெம் தானே யோசித்து, குவியலுக்கு மேலே பந்தை வீசினான். கோட்டுக்கு அப்பால் தனியாக நின்ற ஒல்லிப் பையன் பிடித்துக்கொண்டான். ஆறுக்கு மூன்று.

டாஃபி கரைந்ததும் டைக்ஸ்ட்ரா சொன்னார்: "அதத்தான்டா நான் சொல்ல வந்தேன்."

"நல்லவேளை சொல்லல, கோச். சொல்லியிருந்தா பத்தொம்பது கஜத்துல நின்னிருப்போம்" என்றான் கிளெம்.

தலைவர் களத்துக்கே வந்து கைகுலுக்கினார். "அடுத்த வருஷமும் நீங்கதான். குளிர்காலத்துல சும்மாதானே இருப்பீங்க? கூடைப்பந்தையும் பாத்துக்குங்க."

"அதுலயாவது பேசலாமா?"

"கூடாது."

அடுத்த திங்கட்கிழமை, கல்லூரிக்கு வேறு கூடம் இல்லாததால் தீவனக் கடை மாடியில், அதுவரை கூடைப்பந்தைப் பார்த்தே இராத டைக்ஸ்ட்ரா பயிற்சியைத் தொடங்கினார்.