பலகைமேல் நின்ற ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் கடலுக்குப் போவது என்றால் கால் நனைப்பது. அவ்வளவுதான். திருப்போரூரில் பஸ் ஏறி, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி, மணலில் உட்கார்ந்து புளிசோறு தின்று, கணுக்கால்வரை நனைந்துவிட்டுத் திரும்புவோம். அலை வந்தால் அலறிக்கொண்டு ஓடி வருவதற்குப் பெயர் கடல் குளியல்.

எனக்கு அது போதவில்லை. போன மாதம் நெம்மேலிக் கரையில் அலைச்சறுக்கு கற்றுத்தரும் குப்பத்துப் பெண்ணிடம் பலகை வாங்கி ஏறி, குப்புற விழுந்தேன். என் நாத்தனார் அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். அது கைமாறிக் கைமாறி, நான் வேலைக்கு மறைமலைநகர் போகும் கம்பெனி பஸ்ஸில்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த மாதமே நின்று காட்டுகிறேன் என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் அலையில் எழுந்தேன், விழுந்தேன். அடுத்ததிலும் அதே கதை. மூக்கெல்லாம் உப்புத் தண்ணீர். கரையில் என் கணவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நேரா நில்லு, மூஞ்சே தெரியல" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு முறையும் நான் எழுந்ததும் கல்யாண வீட்டு குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல முழங்காலை விறைத்து, கைகளை உடம்போடு ஒட்டி, அவரையே பார்த்திருக்கிறேன். எங்கள் ஜனத்துக்கு கேமராவைக் கண்டால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். பலகை சும்மா விடுமா?

"போன உள்ள வெச்சிட்டு அந்தாண்ட திரும்பி நில்லுயா," என்றேன்.

"அப்பறம் நீ நின்னதுக்கு இன்னா சாட்சி?"

"சாட்சி வேணாம். நின்னா போதும் எனக்கு."

முணுமுணுத்துக்கொண்டே திரும்பினார். அடுத்த அலைக்கு அந்தக் குப்பத்துப் பெண் பலகையைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். பாதி குந்தியபடி, கைகளை விரித்து எழுந்தேன். எந்த ஆல்பத்திலும் ஒட்ட முடியாத கோலம். ஆனால் நின்றேன். பலகை என்னைச் சுமந்துகொண்டு கரைவரை ஓடியது. காதில் காற்றும் என் கத்தலும்தான். என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

பலகை மணலில் தட்டி நின்று, நான் இறங்கியபோது நாத்தனார் கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். முழுசும் பார்த்திருக்கிறாள். அவள் சிரிக்கவில்லை. புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"அண்ணி, அந்தப் பலகைய இப்டி குடு," என்றாள்.