லாரியை நிறுத்திய தபால் பெட்டி

வீராயிக்குக் கடிதம் எழுதும்படியாக வெளியூரில் யாரும் கிடையாது. கூடப் பிறந்தவள் ஒருத்தி சேத்தியாத்தோப்பில் இருக்கிறாள். அவளோடு தினமும் செல்போனில் சண்டை போட்டுவிடுவதால் தனியாக எழுதுவதற்குச் சேதி மிஞ்சுவதில்லை. ஆனாலும், நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிகள் திரும்பும் வளைவில், தன் இட்லிக் கடைக்கு முன்னால் நிற்கிற தபால் பெட்டியின் மேல் அவளுக்கு இருந்த பக்தி, தபால் இலாகாவில் சம்பளம் வாங்கும் யாருக்கும் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்துப் பொட்டு வைப்பாள். ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் உடைப்பாள்.

"யக்கா, பூட்டு ஓட்டைல சந்தனத்த அப்பி வச்சா சாவி எப்பிடி போவும்?" என்பார் பெட்டியைத் திறக்க வரும் தபால்காரர் கலியமூர்த்தி.

"சாமிக்குக் கண்ணு தொறக்கற மாரி பதமாத் தொற. ஏன் அவசரப்படற?"

பக்திக்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு காலையில், சாம்பல் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் வளைய மறந்து நேரே கடையைப் பார்த்து வந்தது. வீராயி கையில் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். ஓடலாம் என்று மனசு சொன்னது. கால் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. லாரி தபால் பெட்டியில் முட்டி, பெருமூச்சு விட்டு, நின்றுவிட்டது. பெட்டி சாய்ந்தது. கடையின் சேதம் என்று பார்த்தால் கருகிப்போன ஒரு தோசைதான். டிரைவர் நடுங்கிக்கொண்டே இறங்கிவந்து அதையும் கேட்டு வாங்கித் தின்றுவிட்டார்.

வீராயியின் புருஷன் ராயப்பன் மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பெர்மனென்ட் ஆக்குவார்கள் என்று காத்திருந்து காத்திருந்து, எந்த ஆபீஸையும் நம்பாத மனசு மட்டும் அவனுக்குப் பெர்மனென்ட் ஆகிவிட்டது. அவன் தடுப்பு கேட்டு மனுக் கொடுக்கவில்லை. வாரவிடுமுறையில் தெரிந்த மேஸ்திரியிடம் மிஞ்சிய ஜல்லி, சிமெண்டு, கம்பித் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்தான். பெட்டியை நிமிர்த்தி வைத்து, அதற்கு முன்னால் ரோட்டுப் பக்கம் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கான்கிரீட் மேடை போட்டான். யானை வந்தாலும் ஒருகணம் நின்று யோசிக்கும், அப்படி ஒரு மேடை.

"யாரக் கேட்டு இதக் கட்டுன?" என்று கலியமூர்த்தி கேட்டார்.

"லாரி யாரக் கேட்டுக்கினு வந்துச்சு?" என்றான் ராயப்பன்.

அதன்பிறகு அந்த வளைவில் எந்த லாரி கடையை நோக்கி வந்தாலும் மேடையைப் பார்த்து மரியாதையாகத் திரும்பிக்கொண்டது. தபால் பெட்டிக்கு முன்னால் இருப்பதால் மேடையும் சர்க்கார் சொத்து என்றே ஊர் நினைத்தது. நினைத்துவிட்டுப் போகட்டும் என்று வீராயி விட்டுவிட்டாள்.

அப்படியிருக்கும்போதுதான் ஒருநாள் கலியமூர்த்தி இட்லியைப் பிட்டுக்கொண்டே குண்டைப் போட்டார். "யக்கா, உன் சாமியத் தூக்கப் போறாங்க. கடுதாசி வுழாத பொட்டியெல்லாம் எடுக்கச் சொல்லி உத்தரவு. ஒரு மாசம் எண்ணிப் பாப்பாங்க. இந்தப் பொட்டில பல்லிதான் வுழுது. அதுக்கு ஸ்டாம்பு கெடையாது."

வீராயி கணக்குப் போட்டாள். பெட்டி போனால் மேடை வெறும் ஆக்கிரமிப்பு. மறுநாளே இடித்துவிடுவார்கள். அப்புறம் லாரிக்கும் தோசைக் கல்லுக்கும் நடுவில் அவள் ஒருத்திதான் நிற்பாள்.

"கடுதாசி வுழுந்தா எடுக்க மாட்டாங்க இல்ல?"

"எடுக்க மாட்டாங்க."

"அப்ப நீ பெரிய பையாக் கொண்டா" என்றாள் வீராயி.

மறுநாள் முதல் கடையில் புது வழக்கம் வந்தது. இட்லி கேட்டால் சட்னி, சாம்பாரோடு ஒரு போஸ்ட் கார்டும் வரும். எழுதிப் பெட்டியில் போட்டால்தான் இரண்டாவது தடவை சாம்பார். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் தூக்கக் கண்ணோடு, யாருக்கு எழுதுவது என்று தெரியாமல், கைக்கு வந்த விலாசத்தை எழுதினார்கள். ஒரு எலக்ட்ரீஷியன், ரெண்டு தெரு தள்ளிக் குவார்ட்டர்ஸில் இருக்கும் தன் மனைவிக்கே 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதினார். கார்டு போய்ச் சேர்ந்த அன்று அந்த அம்மாள் கடைக்கே வந்து, "இந்த மனுஷன் என்ன தப்பு பண்ணிட்டு இப்படி எழுதியிருக்காரு? உண்மையச் சொல்லுங்க" என்று விசாரணை நடத்தினாள். இன்னொருவர் சும்மா இருக்காமல் திருவதிகையில் இருக்கும் மாமியாருக்கு, 'ஒரு தடவை வந்து போகவும்' என்று எழுதிவிட்டார். மாமியார் வந்தார். போகவில்லை.

வீராயி தன் பங்குக்கு ரோட்டு ஆபீஸுக்கு எழுதினாள். வளைவில் இரும்புத் தடுப்பு போட வேண்டும் என்று ஒரு மனு. 'தங்கள் மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. உரிய அலுவலகத்திலிருந்து, 'இது எங்களுடையதல்ல, முதல் அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. மனு தடுப்பில்லாத ரோட்டில் ஓடும் லாரி மாதிரி போய்வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் அவள் ஒரு நன்றிக் கடிதம் போட்டாள். அதுவும் கணக்கில் சேருமே.

நொந்துபோனவர் கலியமூர்த்திதான். "நான் எடுத்த கடுதாசிய நானே வூடு வூடா சொமந்துக்கினு அலையறேன். முட்டி தேஞ்சுபோச்சுக்கா."

"வேலை இல்லாத எடத்துல உன்னயும் எண்ணிப் பாத்துத் தூக்கிட்டாங்கன்னா? கடவுள் காப்பாத்தியிருக்காருன்னு நெனச்சுக்க."

மாசம் முடிந்தது. தபால் இன்ஸ்பெக்டர் செந்தில்நாதன் நேரிலேயே வந்துவிட்டார். முகம் பூரித்திருந்தது.

"அம்மா, இந்த வட்டாரத்திலேயே அதிகமா கடிதம் விழற பெட்டி இதுதான். மேலிடத்துல ரொம்ப சந்தோஷம்."

வீராயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அதனால," என்று அவர் தொடர்ந்தார், "இவ்வளவு ஜனங்க வந்துபோற பெட்டி, லாரி திரும்பற வளைவுல இருக்கலாமா? பொதுமக்கள் பாதுகாப்பு எங்க பொறுப்பு. பஸ் ஸ்டாப் பக்கத்துல பத்திரமா மாத்தி வைக்கப் போறோம்."

சிரிப்பு முந்தானைக்குள்ளேயே செத்தது. "பொதுமக்கள்னா நானு இல்லீங்களா சார்?"

"நீங்க கடைக்காரங்கம்மா."

பெட்டியைப் பெயர்க்க ஆள் வந்தபோதுதான் இன்ஸ்பெக்டரின் கண் மேடையில் விழுந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எங்க பெட்டிக்கு இவ்வளவு பெரிய மேடை நாங்க போடறதில்லையே. இது ரோட்டு ஆபீஸ் வேலை." ரோட்டு ஆபீஸுக்குப் போன் போட்டார். இளம் என்ஜினீயர் சண்முகப்பிரியா ஜீப்பில் வந்து இறங்கினாள். அவளும் சுற்றிப் பார்த்தாள்.

"எங்க ரெக்கார்டுல இப்படி ஒண்ணு இல்ல சார். உங்களுதுதான். நீங்களே இடிச்சிடுங்க."

"எங்களுது இல்லாததை நான் எப்படிம்மா இடிக்கறது? நாளைக்கு ஆடிட்ல கேப்பான்."

"எங்களையும்தான் சார் கேப்பாங்க. எங்களுது இல்லைன்னா இடிச்ச செலவை எதுல எழுதறது?"

இரண்டு பேரும் திரும்பி வீராயியைப் பார்த்தார்கள். "இத யாரும்மா கட்டினது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெஞ்சில் இட்லி தின்றுகொண்டிருந்த ராயப்பனுக்குப் புரையேறியது. வீராயி அவன் தலையில் தட்டிக்கொண்டே, துளியும் தயங்காமல் சொன்னாள்: "கவர்மெண்டுதாங்க கட்டியிருக்கும். எங்க உசுரு மேல வேற யாருக்குங்க இம்மா அக்கறை?"

இதை மறுப்பதென்றால், 'இல்லை, கவர்மெண்டுக்கு அவ்வளவு அக்கறை கிடையாது' என்று சொல்ல வேண்டும். அதை இட்லி தின்றுகொண்டிருக்கும் பத்துப் பதினைந்து பேர் முன்னால் சொல்ல வேண்டும். இரண்டு இலாகாவுக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை.

பெட்டி மட்டும் பஸ் ஸ்டாப்புக்குப் போனது. மேடையின் சொந்தக்காரர் யார் என்று இரண்டு ஆபீஸும் ஒன்றையொன்று எழுதிக் கேட்டுக்கொள்வதாக முடிவானது. அதுவரை அதைத் தொடக்கூடாது. ஆனால் சொந்தக்காரர் தெரியாத மேடையில் யாராவது மோதிவிட்டால் தன் பெயர் கெடும் என்று சண்முகப்பிரியாவுக்குப் பயம் வந்தது. ஆள் அனுப்பி மேடைக்குக் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை அடித்தாள். மின்னுகிற வில்லைகள் ஒட்டினாள். 'மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு பலகையும் நட்டாள். மனு இத்தனை ஓடியும் நடக்காதது, யாருடையது என்று தெரியாததால் நடந்துவிட்டது. லாரிகள் இப்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கின்றன. சில டிரைவர்கள் அப்படியே ஓரங்கட்டி இட்லியும் சாப்பிடுகிறார்கள். போஸ்ட் கார்டு தருவதை வீராயி நிறுத்திவிட்டாள். இரண்டாம் சாம்பார் மறுபடி சும்மாவே கிடைக்கிறது.

இரண்டு மாசம் கழித்துக் கலியமூர்த்தி வந்தார். முகம் வாடியிருந்தது. "யக்கா, பஸ் ஸ்டாப்பு பொட்டில ஒண்ணுமே வுழறதில்ல. மறுபடி எண்ணிக்கினு இருக்காங்க. நாலு கார்டாவது எழுதிப் போடேன். உனக்குப் புண்ணியமாப் போவும்."

வீராயி தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"அந்தப் பொட்டிக்குப் பின்னால எவன் கடை வச்சிருக்கான்னு பாரு. அவன எழுதச் சொல்லு."