மழைக்கு நிறுத்திய சுவர்

“சோதனைச் சுவர்ப் பார்வையாளர்: எந்தக் கட்டுமானப் பொருளின்மீதும் விருப்பு வெறுப்பு இல்லாதவர், சுவரின் போக்கில் தலையிடாதவர்.” கட்டடக் குழு ஒட்டிய அறிவிப்பு இப்படிச் சொன்னது. அந்தப் பதவியில் அமர்ந்தவரோ உழைப்புக் காலம் முழுவதும் கான்கிரீட் கலவை லாரி ஓட்டியவர். சிமென்ட்மீது அவருக்கு இருந்தது விருப்பு அல்ல, பக்தி. சோதிக்க வேண்டியது மண்சுவர். மண்சுவர்தான் வேண்டும் என்று கேட்டவர் அவருடைய மனைவி. இதைவிட நடுநிலையான ஆள் குழுவுக்குக் கிடைக்கவில்லை.

மனைவி குழந்தைகள் காப்பகம் நடத்திவந்தார். புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும் மண்ணிலேயே வைக்கோலும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்து சுவர் எழுப்ப வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

“சிமென்டைச் சுடுறதுல இருந்து கொண்டுவந்து கொட்டுற வரைக்கும் எவ்வளவு புகை! குழந்தைங்க உள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே சுவரு காத்தைக் கெடுத்துடுது.”

“நான் ஓட்டின லாரியையும் அதுல சேர்த்துட்டியா?”

“அதைத்தாங்க முதல்ல சேர்த்தேன்.”

குழு ஒரு நிபந்தனை போட்டது. நெஞ்சளவு உயரத்தில் ஒரு மாதிரிச் சுவர் வெட்டவெளியில் நிற்கட்டும். ஒரு பெருமழையைத் தாங்கினால் மண், கரைந்தால் கான்கிரீட்.

பார்வையாளர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போவோர் வருவோருக்கெல்லாம் “இதுதான் அந்த மண்ணாங்கட்டி” என்று அறிமுகம் செய்துவைத்தார். ஆளில்லாத நேரத்தில் விரலால் சுரண்டிப் பார்த்தார். சுரண்டிய இடத்தைத் தடவியும் கொடுத்தார்.

ஒரு மத்தியானம் மழை கொட்டத் தொடங்கியது. தன் கட்சி ஜெயிக்கப்போகிறதென்று குதித்திருக்க வேண்டியவர், காப்பகத்து ஜன்னலைப் பார்த்துத் தொலைத்தார். இடுப்பில் ஒரு குழந்தையோடு மனைவி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பார்க்கச் சகிக்காமல் திரையை இழுத்து மூடிக்கொண்டார். அந்த மூடிய திரை பார்வையாளரை என்னவோ செய்தது. ஓடிப்போய்த் தார்ப்பாயை எடுத்துச் சுவரைப் போர்த்தினார். மழை விட்டதும் உருவிக்கொண்டார்.

மறுநாள் குழுவின் பொறியாளர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். “ஒரு கீறல்கூட இல்லையே அண்ணே!”

மனைவிக்குத் தரையில் கால் பாவவில்லை. “இப்ப என்ன சொல்றீங்க? இந்தச் சுவத்தை நம்பிக் குழந்தைங்களைக் கண்ணை மூடிட்டுத் தூங்க வைப்பேன்!”

அந்தத் தூக்கம்தான் பார்வையாளரை உறுத்தியது.

“நில்லும்மா. அது நனையவே இல்ல. நான் தார்ப்பாய் போட்டு மூடினேன்.”

“நீங்களா? எதுக்குங்க?”

“எனக்கெப்படித் தெரியும்!” என்று எரிந்து விழுந்தார்.

“அப்ப சோதனை செல்லாதே” என்று பொறியாளர் கையை விரித்தார். “குழு கான்கிரீட்னு முடிவு பண்ணிடும்.”

“அதெப்படிப் பண்ணும்? மழை போனா தண்ணியுமா போச்சு?”

பார்வையாளர் தான் லாரி கழுவிய பழைய குழாயை இழுத்து வந்து, முழு வேகத்தில் திறந்துவிட்டார்.

“மெதுவாங்க!”

“பெருமழை என்ன, மெதுவாவா பெய்யும்?”

செம்மண் நீர் வழிந்தோடியது. வைக்கோல் நுனிகள் வெளியே எட்டிப் பார்த்தன. கீழ் மூலை ஒன்று கரைந்தது. மற்றதெல்லாம் அசையவில்லை, பொறியாளர் தோளைக் கொடுத்து முட்டியபோதும் அசையவில்லை. கரைந்தது அடிப்பகுதி மட்டும்தான் என்பதால், முழங்கால் உயரம்வரை கல், மேலே அகலமான கூரை இறக்கம், நடுவே மண் என்று குழு ஒப்புக்கொண்டது.

நடுநிலைப் பார்வையாளர் மனைவியின் சுவரைத் திருட்டுத்தனமாகக் காப்பாற்றினார். பிறகு அதை ஒப்புக்கொண்டு, தன் கையாலேயே நனைத்தார்.