ரென்ஸ்கே வீட்டுத் திரைச்சீலை

எங்கள் தெருவில் யாரும் முன்ஜன்னல் திரையை மூடுவதில்லை. வீட்டுக்காரர் மேசைமேல் காலைப் போட்டுக் குறட்டை விட்டாலும் சரி, திறந்தேதான் கிடக்கும். தெருவில் போகிறவர் உள்ளே பார்த்துக் கையை ஆட்டுவார். உள்ளே இருப்பவர் கையில் இருக்கிற முள்கரண்டியை ஆட்டுவார். மறைக்க ஒன்றுமில்லாத வீடு என்று அதற்கு அர்த்தம். திரை மூடியிருந்தால் யாராவது செத்திருக்க வேண்டும், இல்லை புருஷன் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஃப்ரீஸ்லாந்து கிராமத்தில்தான் என் எதிர்வீட்டு ரென்ஸ்கே, சாயங்காலம் ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற ஆறு மணிக்குக் கனத்த பழுப்புத் திரையை இழுத்து மூட ஆரம்பித்தாள். ஊர் சும்மா இருக்குமா? என்னுடையது சைக்கிள் கடை. டயருக்குக் காற்று ஏறுவதற்குள் ஊர்ச்செய்தி முழுக்க என் காதில் ஏறிவிடும்.

"குடிக்கிறாளோ?" என்றாள் ஒருத்தி.

"இல்லடி, புருஷனப் போட்டு அடிக்கிறா. ஹில்கே போன வாரம் நொண்டி நொண்டி நடந்தானே, பாக்கல?"

ஹில்கே நொண்டியது அவன் காலை மாடு மிதித்ததால். அதை நான் சொல்லியிருக்கலாம். ஆனால் கதை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

விஷயம் வேறு. அவர்களுடைய பெண் மின்கேவுக்குப் பதினோரு வயது. பிறக்கும்போதே மூளையில் அடிபட்டுவிட்டது. கைகால் விறைப்பு, தலை தானாக நிற்காது, பேச்சு இல்லை. சிரிப்பு மட்டும் உண்டு. அவள் சிரித்தால் வாய்க்காலில் இருக்கிற வாத்தெல்லாம் பறந்துவிடும். பிடிக்காததைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மஞ்சள் கஸ்டர்ட் டப்பாவைப் பார்த்தால் 'ம்ம்ம்' என்று ஒரு ராகம் இழுப்பாள். வாய்க்குள் போவதில் பாதியை நாக்கு வெளியே தள்ளிவிடும். அதனால் ஒவ்வொரு வாயும் அம்மா ஊட்டித்தான் ஆக வேண்டும். உருளைக்கிழங்கையும் கீரையையும் சேர்த்து மசித்த மசியல். இந்த நாட்டில் மற்றவர்கள் மட்டும் வேறு எதைத் தின்கிறார்களாம்?

முன்பெல்லாம் அந்த ஜன்னலும் திறந்துதான் இருந்தது. ஹில்கேவின் அப்பா பிறந்தநாளுக்குப் பிறகுதான் மூடியது.

பிறந்தநாள் என்றால் எங்களுக்கு வட்டமாகப் போட்ட நாற்காலி, காபி, ஆளுக்கு ஒரே ஒரு துண்டு கேக். ஒரே துண்டு என்பதால் யாரும் மிச்சம் வைப்பதில்லை. வட்டத்தில் மின்கேவும் இருந்தாள். ரென்ஸ்கே கஸ்டர்ட் ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் பாதிரியாரைப் பற்றி ஒரு ஜோக் அடித்தேன். நல்ல ஜோக், இங்கே எழுத முடியாது. மின்கே சிரித்துவிட்டாள். வாயில் இருந்த கஸ்டர்ட் அத்தனையும் போய் ஹில்கேவின் தங்கை சிட்ஸ்கேயின் புது வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"அய்யோ, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று சிரித்தபடியே துடைத்தாள் சிட்ஸ்கே. ஆனால் பாதி தின்ற கேக் தட்டை மெல்ல நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டாள். அவள் பக்கத்தில் இருந்தவரும் வைத்தார். ரென்ஸ்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கிளம்பும்போது சிட்ஸ்கே கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த தடவ உள்ரூம்லயே ஊட்டிட்டுக் கூட்டிட்டு வாயேன் ரென்ஸ்கே. அவளுக்கும் நிம்மதியா இருக்கும்ல."

மறுநாள் திரை விழுந்தது.

மூடின திரையும் எங்கள் ஊரில் அவமானம்தான். ரென்ஸ்கேவுக்கு அது தெரியாதா? அதனால் அவள் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தாள். மூடுவது, மடமடவென்று ஊட்டுவது, முகத்தைத் துடைப்பது, திறப்பது. சாப்பிட்டுவிட்டு ஊர் காலாற நடக்கிற நேரத்தில், மின்கே சுத்தமாகத் தலை வாரி ஜன்னலருகே பொம்மை மாதிரி இருப்பாள். பின்னால் ரென்ஸ்கே கை ஆட்டுவாள்.

வேகத்துக்கு வழி, குழந்தையின் தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு கரண்டி இறங்குவதற்குள் அடுத்ததைப் போடுவது. மின்கே இருமத் தொடங்கினாள். குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி, காய்ச்சல், ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தாள். மறுபடியும் அதே.

சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்றார் டாக்டர். இன்னொரு தடவை இப்படி வந்தால் வாய்வழியாகக் கொடுக்க முடியாது, வயிற்றில் குழாய் வைத்துத்தான் ஊட்ட வேண்டும். "அது ஒண்ணும் தப்பில்லம்மா, எத்தனையோ குழந்தைங்க அதுலதான் நல்லா இருக்காங்க," என்றும் சொன்னார். ரென்ஸ்கே காரில் ஹில்கேவிடம் அழுதாளாம்: "அவளுக்குன்னு இருக்கறது அந்தக் கஸ்டர்ட் ஒண்ணுதான். அதையும் பிடுங்கணுமா?"

வசந்தத்தில், குழந்தைகளுக்கு விழுங்கப் பழக்குகிற ஒரு அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே வந்தார், சாப்பாட்டு வேளையிலேயே. அன்று நடந்ததை ஹில்கே என் கடையில் உட்கார்ந்து சொன்னான். அவன் சுருக்கமாகச் சொன்னான், நான் கொஞ்சம் உப்புப் போடுகிறேன், அவ்வளவுதான்.

ரென்ஸ்கே வழக்கம்போலத் திரையை மூடினாள்.

"இருட்டா இருக்கே. அவ வாய் எனக்குத் தெரியணும். கொஞ்சம் திறக்கலாமா?"

"லைட் போடறேங்க."

லைட் வெளிச்சத்தில் ரென்ஸ்கேயின் நிழலே பிள்ளை முகத்தில் விழுந்தது. அந்த அம்மா குனிந்து பார்த்தபடி கேட்டார்: "ஏன் இவ்ளோ வேகமாக் குடுக்கறீங்க?"

"அவளுக்குப் பசி தாங்காதுங்க."

மின்கே வாய் நிறைய மசியலோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஹில்கே தன் மாடுகளைவிடக் குறைவாகப் பேசுகிறவன். அவன் வாயைத் திறந்தான்.

"பொய் சொல்லாத ரென்ஸ்கே."

"நீ சும்மா இரு."

"திரைக்காகத்தான்னு சொல்லு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"சீக்கிரம் முடிச்சாத்தான திறக்க முடியும்... யாரும் பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன். எம்புள்ள சாப்பிடறத யாரும் பாக்கக் கூடாதுன்னு. அதுக்காக அவ மூச்சையே அடைச்சிருக்கேன்."

அந்த அம்மா தட்டிக்கொடுக்கவில்லை, திட்டவும் இல்லை. "வாயில இருக்கறத அவ இன்னும் முழுங்கல. அதப் பாருங்க. ஆனா வெளிச்சம் வேணும்," என்றார்.

ரென்ஸ்கே எழுந்துபோய்த் திரையைத் திறந்தாள்.

வெளியே நான் நின்றிருந்தேன். என் நாய்க்கு அந்த ஜன்னலடியில் எப்போதும் ஏதோ வேலை இருக்கும். வழக்கப்படி கையை ஆட்டினேன். ரென்ஸ்கேயின் முகம் பீட்ரூட் மாதிரி ஆனது. மின்கே என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள், பச்சை மசியல் கண்ணாடிவரை தெறித்தது. ரென்ஸ்கேயின் கண் திரைக்குப் போனது. பிறகு மகளின் தொண்டைக்கு வந்தது. மின்கேயின் தலையை நிமிர்த்தி, தாடையைச் சற்றே கீழே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. அதன் பிறகுதான் அடுத்த கரண்டி.

இப்போது நாங்கள் பாத்திரம் கழுவி முடித்த பிறகும் அங்கே பாதிச் சாப்பாடு பாக்கி இருக்கும். இலையுதிர்காலத்தில் மின்கேவுக்குச் சளி பிடித்தது, ஆனால் நெஞ்சுக்கு இறங்கவில்லை. குழாய்ப் பேச்சை டாக்டர் ஒத்திப் போட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன மாதம் மின்கேயின் பிறந்தநாள். மறுபடியும் வட்டம். சிட்ஸ்கே கருநீலச் சட்டையில் வந்திருந்தாள்.

"துணிஞ்சுதான் வந்திருக்க போல," என்றேன்.

"வாய மூடு. நீ ஜோக் அடிச்சா எழுந்து போயிடுவேன்."

ரென்ஸ்கே வட்டத்தின் நடுவே, காதெல்லாம் சிவந்து, யாரையும் பார்க்காமல் ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் சிட்ஸ்கே கேக் தட்டைக் கீழே வைத்தாள். தட்டு தரையில் பட்ட சத்தம்தான். ரென்ஸ்கேயின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"காபி எடுக்கத்தான்டி வச்சேன்!" என்று பதறி, தட்டைத் திரும்ப எடுத்து, மிச்சத்தை ஒரே வாயில் திணித்துக்கொண்டாள் சிட்ஸ்கே. கேக் தொண்டையில் அடைத்து இருமினாள். துணுக்கு என் சட்டையில் வந்து விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை, நான்கூட.

ரென்ஸ்கே சிட்ஸ்கேயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி அவள் கையிலேயே இருந்தது.

"ம்ம்ம்," என்று இழுத்தாள் மின்கே, வாயைத் திறந்தபடி.

"இதோம்மா, இதோ," என்று ரென்ஸ்கே அவள் பக்கம் திரும்பினாள்.