அடியில் கட்டிய கயிறு

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குள் நுழைய வண்டியை இடப்பக்கம் ஒடித்தபோதுதான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. டக், டக், டக். நேராக்கினால் நின்றது, ஒடித்தால் திரும்ப வந்தது. அன்று வியாழக்கிழமை. மறுநாள் காலை எட்டு மணிக்குள் மனைவியை விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். பிரசவ ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அவள் கண்டாச்சிபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தாள்.

வேறு வண்டியா கிடைக்காது என்று கேட்கலாம். கிடைக்கும். முந்தைய பிரசவத்துக்கும் வாடகைக் காருக்குத்தான் சொல்லியிருந்தோம். ஒன்றேகால் மணி நேரம் வாசலில் காத்து நின்றோம். போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்குத் துடிப்பு இல்லை. சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வாங்கியதுதான் இந்தப் பழைய கார். "இந்தவாட்டி நம்ம வண்டியிலதாங்க போவணும்" என்று மட்டும் அவள் பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பைபாஸ் ஓரத்து மெக்கானிக்கிடம் போனேன். அதிகம் பேசாத மனிதர். சக்கரத்தை ஒடித்து வைக்கச் சொல்லி, குனிந்து டார்ச் அடித்தார். சக்கரத்தின் உட்புறமெல்லாம் கிரீஸ் தெறித்து அப்பியிருந்தது.

"பூட் கிழிஞ்சிருக்குது சார். எத்தினி நாளா இப்டியே ஓட்டிக்கினு இருக்கீங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் முனையில் ஒரு ஜாயின்ட் இருக்கிறது, அதன்மேல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை, அதற்குள் கிரீஸ், அந்த உறைக்குப் பெயர்தான் பூட் என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே போய்விடும், மண் உள்ளே வந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு உராய்வு பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான். வெட்கமாக இருந்தது.

"பூட் மட்டும்னா இன்னிக்கே மாத்திடலாம். உள்ள ஜாயின்ட்டு அரிச்சிருந்தா மெட்ராஸ்லேர்ந்து வரணும், ரெண்டு நாளாவும். சத்தம் வேற வந்துட்சே சார், கழட்டிப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

சக்கரத்தைக் கழற்றியதும் உள்ளே கையை விட்டு எதையோ பிய்த்து எடுத்தார். "இன்னா சார் இது?"

ஒரு கறுப்புக் கயிறு. நடுவில் சுருங்கிப்போன எலுமிச்சம்பழம், நுனியில் முறுக்கிய கட்டுக்கம்பி. அது நான் கட்டியதுதான்.

இரண்டு மாதத்துக்கு முன் அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருந்தோம். அந்த நெரிசலில் ஏழு மாத வயிற்றோடு நின்று, வண்டிக்கென்று பூசாரியிடம் அவள் வாங்கி வந்த கயிறு அது. "முன்னாடி நல்லா தெரியிறாப்ல கட்டிடுங்க" என்றாள். தலையாட்டினேன். அறிவியல் வாத்தியார் வண்டியில் எலுமிச்சம்பழம் தொங்கினால் ஸ்டாஃப் ரூமில் என்னை ஓட்டித் தள்ளிவிடுவார்கள். தூக்கிப் போடவும் தைரியம் வரவில்லை. யார் கண்ணிலும் படாமல் முன்சக்கரத்துக்குப் பின்னால் அசையாமல் இருந்த ஒரு இரும்பில் வைத்துக் கம்பியால் முறுக்கினேன். அவளிடம் கட்டியாச்சு என்று சொன்னேன். அந்தக் கம்பியின் கூர்முனைதான், பக்கத்தில் சுழன்றுகொண்டிருந்த ரப்பரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். கயிற்றை ஓரமாக வைத்துவிட்டுப் போனை எடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

என் வண்டிக்கான பூட் திண்டிவனத்தில் இல்லை. விழுப்புரத்துக் கடையில் சொல்லி, பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பச் செய்தார். நான் பஸ் ஸ்டாண்டில் நின்று, வந்த ஒவ்வொரு விழுப்புரம் பஸ்ஸிலும் ஏறி, "பார்சல் இருக்குங்களா?" என்று கேட்டேன். அதற்குள் அவளிடமிருந்து இரண்டு முறை போன். இரண்டு முறையும் "பேப்பர் திருத்திக்கினு இருக்கேன்" என்றேன். நாலாவது பஸ்ஸில் வந்தது.

திரும்பி வந்தபோது தண்டு வெளியே கிடந்தது. மெக்கானிக் பழைய கிரீஸைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். நறநறவென்று மணல். பெட்ரோலில் ஜாயின்ட்டைக் கழுவி, உள்ளிருந்த இரும்புக் குண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பினார். அவர் வாய் திறக்கும்வரை சாமியைக் கும்பிட்டேன். எந்தச் சாமியை என்று கேட்க வேண்டாம்.

"லேசா கோடு வுழுந்திருக்குது. லேசா சத்தம் இருக்கும், ஆனா ஓடும். ஆறு மாசத்துக்குள்ள ஜாயின்ட்ட மாத்திடுங்க. நாளைக்கு தைரியமா கூட்டிக்கினு போங்க சார்."

புதுக் கிரீஸை அடைத்து, புது உறையை மாட்டி, கிளாம்ப் முறுக்கிச் சக்கரத்தைப் பூட்டினார். மறுபக்கத்து உறையையும் டார்ச் அடித்துப் பார்த்தார். அது நன்றாகவே இருந்தது. அங்கே நான் ஒன்றும் கட்டவில்லையே. கிளம்பும்போது கயிற்றை என் கையில் கொடுத்தார். கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு, கயிற்றை மட்டும் முன்பக்க பம்பரில், எல்லோர் கண்ணிலும் படும்படி முடிந்தேன்.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி, விழுப்புரம் தாண்டி, வழியில் வந்த ஒவ்வொரு திருப்பத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். கண்டாச்சிபுரம் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். என்னிடம் வரவில்லை. வழக்கம்போல நேராக வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். ஒவ்வொரு வாரமும் நான் வரும்போது அப்படித்தான் நிற்பாள். பிள்ளைத்தாச்சி காலாற நடக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

குனிய முடியாமல் குனிந்து கயிற்றைத் தொட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு மாசமா தேடிக்கினு இருக்கேங்க," என்றாள். "கேட்டா, கழட்டிப் போட்டுட்டேன்னு சொல்லிடுவீங்களோன்னுதான் கேக்கல."